“ஆங்கிலம் தேவையில்லை”

(கிளைச் சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில், ஆஸ்திரேலியாவில் வேலை செய்து திரும்பிய தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. செயலாளர் அவர்கள், “நீ பேச வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்” என்றார். அந்தத் தைரியத்தில் நிற்கிறேன்.

சென்ற மாதம் நம் தோட்டத்து இளைஞர் மூவர் என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு விளம்பரம் வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலை, தங்குமிடம் உண்டு, சுற்றுலா விசா போதும், முன்பணம் இவ்வளவு என்று இருந்தது. கடைசி வரியில், தடித்த எழுத்தில், “ஆங்கிலம் தேவையில்லை” என்று போட்டிருந்தது. மூவருக்கும் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். எனக்குப் பிடிக்காததும் அதுதான். இன்றைய என் பேச்செல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதே.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தபோதும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. கங்காணி இருந்தார். துரை சொன்னதைக் கங்காணி சொல்வார். இவர்கள் சொன்னதைத் துரையிடம் கங்காணி சொல்வார், அல்லது சொல்லாமல் விடுவார். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிந்தது. உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938ல் நிறுத்தியது. ஆனால், “உனக்கு மொழி வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்” என்று சொல்லும் ஆள் மட்டும் எந்தச் சட்டத்தாலும் ஒழியவில்லை. அன்று தலைப்பாகை கட்டியிருந்தான். இன்று தொலைபேசியில் வருகிறான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் போனது 2018 செப்டம்பரில். அப்போது எனக்கு வயது 24. சுற்றுலா விசாவில் போகவில்லை. ‘வேலையும் விடுமுறையும்’ என்று ஒரு விசா உண்டு. அதன் எண் 462. பதினெட்டு வயது முதல் முப்பது வயது வரையுள்ளவர்க்கு அது கிடைக்கும். மேற்படிப்பு கொஞ்சம் இருக்கவேண்டும், ஆங்கிலச் சோதனையும் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் சோதனையில் சராசரி 4.5 எடுத்தால் போதும். நான் 5 எடுத்தேன். லயத்தில் எங்கள் அம்மா அதை ஏதோ முதல் பரிசு போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கு ஐந்து என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐந்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிஸ்பேனில் இறங்கினேன். அங்கிருந்து வடக்கே சுமார் 360 கிலோமீட்டர் பேருந்தில் போனால் பண்டபர்க் என்ற ஊர். கரும்பு, தக்காளி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைகிற செம்மண் பூமி. அந்தக் கரும்புக்காக 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரைக் குவீன்ஸ்லாந்துக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சிலரை ஆசை காட்டி, சிலரை ஏமாற்றி, சிலரைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஒப்பந்தத் தாளில் அவர்கள் வைத்தது கைநாட்டு. கரும்புக்காட்டு ஓரங்களில் அவர்கள் கற்களைப் பொறுக்கிக் கட்டிய மதில்கள் இன்றும் நிற்கின்றன. நான் அதைப் பார்த்தபோது, நம் பழைய தோட்டங்களில் யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாமல் ஓடுகிற கால்வாய்கள்தான் நினைவுக்கு வந்தன.

அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, நான் சோதனையில் எழுதிய ஆங்கிலம் வேறு, தக்காளிக் காட்டில் பேசுகிற ஆங்கிலம் வேறு என்று. காலை ஒன்பதரைக்கு மேற்பார்வையாள் “ஸ்மோக்கோ” என்று கத்துவான். உடனே பாதிப் பேர் நிழலுக்குப் போவார்கள். புகை பிடிப்பவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் போலும், நமக்கு அந்தப் பழக்கம் இல்லையே என்று நான் வெயிலில் நின்று பறித்துக்கொண்டேயிருப்பேன். இரண்டு வாரம் கழித்துத்தான் ஸ்மோக்கோ என்றால் தேநீர் வேளை என்று தெரிந்தது. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. மாலையில் “நாக் ஆப்” என்பான். எதையோ தட்டிவிடச் சொல்கிறான் என்று எண்ணி, காலடியில் இருந்த வாளியைத் தட்டினேன். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அதற்குப் பொருளாம்.

இதைவிடப் பெரிய தொல்லை நம் தலை. நாம் ஒருவர் சொல்வது விளங்கினால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். அவர்களுக்கு அது ‘இல்லை’ என்று தெரிகிறது. விளங்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? வெட்கத்துக்கு “யெஸ், யெஸ்” என்போம். ஆக விளங்கியபோது இல்லை என்றும், விளங்காதபோது ஆம் என்றும் சொல்லிக்கொண்டு நான் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். அந்த “யெஸ்”களில் ஒன்று எனக்குப் பல ஆயிரம் வெள்ளி செலவு வைத்தது. அதைச் சொல்கிறேன்.

வேலைக்கு எடுத்தவன் தோட்ட முதலாளி அல்ல. ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு காண்ட்ராக்டர். அவன் பெயர் இங்கு வேண்டாம். தங்கும் விடுதியும் அவன் கைக்குள். ஓர் அறைக்கு எட்டுப் படுக்கை. வாடகை வாராவாரம் சம்பளத்தில் பிடிப்பு. முதல் நாள் இரவு இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து ஓரிடத்தைக் காட்டி, “சைன் ஹியர்” என்றான். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நான் படிக்கத் தொடங்கினால் பத்து நிமிடம் ஆகும், அதிலும் பாதி விளங்காது. “ஓகே?” என்றான். “யெஸ்” என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் வீட்டுக்குப் பேசினேன். அந்தத் தாளில் எனக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்று: காண்ட்ராக்டர். பெருமையாக இருந்தது. நம் தோட்டத்தில் காண்ட்ராக்டர் என்றால் லாரி வைத்திருப்பவர் அல்லவா?

“அப்பா, என்னை இங்கே காண்ட்ராக்டர்னு எழுதியிருக்காங்க” என்றேன்.

முப்பத்தோரு வருடம் மரம் சீவியவர் என் அப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “உனக்குக் கீழே எத்தனை பேருடா?”

“யாரும் இல்லப்பா.”

“நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?”

“முடியாதுப்பா.”

“வாளிக்கு எவ்வளவுன்னு நீ வெலை சொன்னியா, அவன் சொன்னானா?”

“அவன்தான்.”

“அப்புறம் நீ என்னடா காண்ட்ராக்டர்?”

தோழர்களே, பிற்காலத்தில் ஓர் அரசாங்க அலுவலர் எனக்கு அரை மணி நேரம் விளக்கிய சட்டத்தை, என் அப்பா மூன்று கேள்வியில் விளக்கிவிட்டார். அந்த நாட்டில் கூலிக்கு வேலை செய்பவனை ‘தனிக் காண்ட்ராக்டர்’ என்று எழுதிவிட்டால், குறைந்தபட்சச் சம்பளம், விபத்துக் காப்புறுதி, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாவற்றையும் தட்டிக்கழிக்கலாம். ஆகவே போலியாக அப்படி எழுதுவது அங்கே குற்றம். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். தொழிலாளியிடம் டி.எப்.என். என்னும் வரி எண் கேட்பார்கள். அது ஒன்பது இலக்கம். ஏ.பி.என். என்று பதினொரு இலக்கத்தில் ஒன்று எடுத்து வரச் சொன்னால் உன்னைத் தொழிலாளி இல்லை, வியாபாரி என்று காட்டப் பார்க்கிறார்கள். எண்ணி ஒன்பதா பதினொன்றா என்று பார்ப்பதற்கு எந்த ஆங்கிலமும் தேவையில்லை.

அப்பா அன்று இன்னொன்றும் சொன்னார். “ஒரு நோட்டு வாங்கு. தேதி, எத்தனை மணிக்கு ஏறினே, எத்தனை மணிக்கு எறங்கினே, எந்தக் காடு, எத்தனை வாளி, எல்லாத்தையும் தெனம் எழுது. தமிழ்லயே எழுது. கிராணி புத்தகத்துல இருக்கிறது கிராணி கணக்கு. உன் நோட்டுல இருக்கிறதுதான் உன் கணக்கு.” கிராணிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா ஸ்டோரில் பாலை நிறுத்து, பால் சதவிகிதம் பார்த்து எழுதும்போதெல்லாம், தம் சட்டைப் பையில் இருந்த சிறு நோட்டிலும் அதையே எழுதிக்கொள்வார். சிறுவனாக இருக்கும்போது அது என்ன மந்திரப் புத்தகமோ என்று நினைத்திருக்கிறேன். சதவிகிதத்தில் இரண்டு குறைந்தால் மாதக் கடைசியில் அரிசி குறையும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் எழுதத் தொடங்கினேன். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: காலை ஐந்தரை முதல் மாலை நாலு வரை, ஓய்வு போகப் பத்து மணி நேரம், 62 வாளி, வாளிக்கு 1 வெள்ளி 80 காசு, மொத்தம் 111 வெள்ளி 60 காசு. அதாவது மணிக்குப் பதினொரு வெள்ளிக்குச் சற்று மேல். அந்த ஆண்டு அங்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 18 வெள்ளி 93 காசு. நிரந்தரமில்லாத வேலையாளுக்கு அதற்கு மேல் கால் பங்கு கூட்டி 23 வெள்ளி 66 காசு. எனக்குச் சேரவேண்டியதில் பாதிகூட வரவில்லை. ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன்! வெளிநாட்டில் வேலை செய்கிறவன் செய்கிற முதல் தவறு, கூலியை நம் காசிலும் செலவை அந்நாட்டுக் காசிலும் எண்ணுவது.

நவம்பர் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் பக்கத்து நிரையில் தைவானிலிருந்து வந்த ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் ஆங்கிலம் என்னுடையதைவிடக் குறைவு. நானும் அவளும் விரல்களால்தான் பேசிக்கொள்வோம். துண்டுக்கூலி வேலையில் தண்ணீர் குடிக்கப் போனால் இரண்டு வாளி குறையும் என்பதால் அவள் போகமாட்டாள். மேற்பார்வையாள் காலையில் வெயிலைப் பற்றி எதையோ அறிவித்தான். அவளும் தலையாட்டினாள், நானும் தலையாட்டினேன். பதினொரு மணி வாக்கில் அவள் வியர்வை நின்று, பேச்சுக் குழறி, நிரையிலேயே சாய்ந்துவிட்டாள். மேற்பார்வையாள் வேறு காட்டில் இருந்தான்.

தொலைபேசியை எடுத்தேன். அவசர எண் 000 என்பது விமான நிலையச் சுவரில் படித்த நினைவு. எடுத்தவர் கேட்டதில் எனக்கு விளங்கியது “ஆம்புலன்ஸ்” என்ற சொல் மட்டும். “ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!” என்றேன். அடுத்து எந்த இடம் என்றார். அங்கேதான் நின்றுபோனேன். இரண்டு மாதமாக விடியற்காலை இருட்டில் வேனில் ஏறி இருட்டு விலகுமுன் இறங்கிய எனக்கு, நிற்கும் இடத்தின் பெயர் தெரியாது! தெருப் பெயர் தெரியாது, தோட்டத்தின் பெயர் தெரியாது. முதலாளியின் பெயரும் தெரியாது. நல்ல வேளையாக டிராக்டர் ஓட்டி வந்த கிழவர் ஒருவர் தொலைபேசியைப் பிடுங்கி விவரம் சொன்னார். அதற்குள் நாங்கள் அவளை நிழலுக்கு இழுத்துத் தண்ணீரை மேலே ஊற்றியிருந்தோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த எண்ணுக்குப் பேசுகிறவருக்கு ஆங்கிலம் வராவிட்டால், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றில் எது வேண்டும் என்று ஒரு சொல் சொல்லி, பிறகு தன் மொழியின் பெயரைச் சொல்லித் துண்டிக்காமல் காத்திருந்தால், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இது எனக்கு அன்று தெரியாது. “தமிழ்” என்ற ஒரு சொல்லை ஆங்கிலேயனிடம் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தங்குமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டபர்க்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் சில்டர்ஸ் என்ற சிற்றூர். அங்கே பழம் பறிக்க வந்த இளைஞர்கள் தங்கிய விடுதி ஒன்றில் 2000ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி இரவு ஒருவன் வைத்த தீயில் பதினைந்து பேர் மாண்டார்கள். புகை அறிவிப்பு மணி வேலை செய்யவில்லை. கம்பி போட்ட ஜன்னல். வெளியேறும் வழியை மறித்துக்கொண்டு கட்டில். அந்தப் பதினைந்து பேரின் படமும் அவ்விடத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் உங்கள் வயது முகங்கள். நான் பார்த்துவிட்டு வந்த இரவே, என் அறையில் கதவை மறித்திருந்த படுக்கையை இரண்டு பேராகத் தூக்கி நகர்த்தினோம்.

அந்தப் பெண் விழுந்த பிறகுதான் எனக்கு வெட்கம் விட்டது. விடுதியில் ஓர் இத்தாலியத் தோழன் ஒரு துண்டுத் தாளில் 131 450 என்று எழுதிக் கொடுத்தான். அந்நாட்டு அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புச் சேவை. 1973ல் தொடங்கியது; 150க்கும் மேற்பட்ட மொழிகளில் இரவு பகலாக நடக்கிறது. தொழிலாளர் சம்பளக் குறைகளைக் கேட்கும் அரசாங்க அலுவலகம் ஒன்று உண்டு, ‘பேர் வொர்க் ஆம்புட்ஸ்மன்’ என்பார்கள். அதன் எண் 13 13 94. மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் வேண்டும், இந்த அலுவலகத்தோடு பேசவேண்டும் என்றால் மூவரையும் ஒரே இணைப்பில் சேர்ப்பார்கள். தொழிலாளிக்கு அதற்குக் கட்டணம் கிடையாது.

“டமில், ப்ளீஸ்” என்றேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஓர் அம்மையாரின் குரல், யாழ்ப்பாணத் தமிழில்: “வணக்கம் தம்பி, சொல்லுங்கோ, நான் இருக்கிறன்.”

தோழர்களே, இரண்டரை மாதம் கழித்து அந்தச் செம்மண் காட்டில் என்னை ஒருவர் ‘தம்பி’ என்றார். எனக்கு உடனே பேச வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு நோட்டை விரித்து, தேதி தேதியாகப் படித்தேன். அவர் தேதி தேதியாக ஆங்கிலத்தில் சொன்னார். ஐந்து மதிப்பெண் வாங்கியவன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று நான் பேசியது நூற்றுக்கு நூறு.

முடிவையும் சொல்லவேண்டும், மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். அப்போதிருந்த விதிப்படி துண்டுக்கூலி கொடுக்கவேண்டுமானால் அதற்கென முறையான எழுத்து ஒப்பந்தம் வேண்டும். சராசரித் திறமையுள்ளவர் மணிக்கூலியைவிட நூற்றுக்குப் பதினைந்து அதிகம் சம்பாதிக்கும்படி விலை வைக்கவேண்டும். என்னிடம் இருந்ததோ காண்ட்ராக்டர் தாள். ஆகவே மணிக்கணக்குப்படி எனக்குச் சேரவேண்டிய பாக்கி 6,400 வெள்ளிச் சொச்சம் என்று கணக்கானது. பேச்சுவார்த்தை மூன்று மாதம் இழுத்தது. கைக்கு வந்தது 3,900. மீதிக்காக இன்னும் போராடியிருக்கலாம். எனக்கு விசா காலம் ஓடிக்கொண்டிருந்தது. விடுதியில் என்னோடு இருந்த பதினொரு பேரில் நோட்டு எழுதியவர்கள் இருவர். வேலை செய்தவர்கள் அனைவரும் ஒரே மாதிரி வேலை செய்தவர்கள்தான். பணம் திரும்பியது இருவருக்கு.

மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? கோழைகள் அல்லர். இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமென்றால் குறித்த வட்டாரங்களில் மூன்று மாதம் காட்டுவேலை செய்ததற்குச் சான்று காட்டவேண்டும். அந்தச் சான்று முதலாளி கையில். நம் பழைய தோட்டங்களில் வீடும் வேலையும் ஒரே கையில் இருந்ததால் எத்தனை பேர் வாய்மூடி இருந்தார்கள் என்று இங்குள்ள பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பின்பு ஒரு நல்ல காரியம் நடந்தது. சங்கப் பத்திரிகையில் இது வரவேண்டும் என்பதால் சொல்கிறேன். ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம், 1886ல் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள் தொடங்கிய சங்கத்தின் வழி வந்தது, துண்டுக்கூலிக்கு ஓர் அடித்தளம் வேண்டுமென்று வழக்காடியது. 2021 நவம்பரில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2022 ஏப்ரல் 28 முதல், பழம் பறிப்பவர் எத்தனை வாளி பறித்தாலும், வேலை செய்த மணிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். மணிக்கணக்கையும் முதலாளி எழுதிவைக்கவேண்டும். வாளி அதிகமானால் கூலி கூடலாம், குறைந்தால் அடித்தளத்துக்குக் கீழே போகாது. மழை நாளில் மரம் சீவ முடியாமல் நின்றவர்களுக்கும், பால் கொட்டாத மாதத்தைப் பார்த்தவர்களுக்கும் இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. 1-7-2025 முதல் அந்நாட்டின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24 வெள்ளி 95 காசாக ஆனது. வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது 1-1-2025 முதல் குற்றவியல் குற்றமாகவும் ஆகிவிட்டது.

இதே சங்கம்தான் ஒரு காலத்தில் ஆசியக்காரனையும் தீவுக்காரனையும் உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது; வெள்ளையர் ஆஸ்திரேலியாவுக்குக் கொடி பிடித்தது. அதை நான் மறைக்கவில்லை. அந்தச் சங்கம் மாறியது. மாறிய பிறகு, எங்களைப் போன்ற வாக்கில்லாத வழிப்போக்கருக்காக வழக்காடியது. இதைக் கேட்கும்போது எனக்கு நம் தோட்டத்து நினைவு வருகிறது. மேட்டு லயத்தில் வங்காளதேசத்துத் தம்பிமார் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் எந்த மொழியில் இருக்கிறது? அதை யார் அவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள்? அவர்களும் “யெஸ், யெஸ்” என்றுதான் தலையாட்டுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். 1954ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தபோது சிதறிக்கிடந்த சங்கங்கள் ஒன்று சேர்ந்தன என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சேர்க்கையில் மேட்டு லயத்துக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும் என்பது என் எண்ணம். தலைவர் முகம் சுளிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சற்றுமுன் பேசிய பெரிய கிராணியார், நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிப்பதால்தான் வெளிநாட்டில் திண்டாடுகிறார்கள் என்றார். மரியாதையோடு மறுக்கிறேன். ஆங்கிலம் கற்கத்தான் வேண்டும். என்னைவிட அதை உணர்ந்தவர் இந்த மன்றத்தில் இல்லை. ஆனால் என் பணத்தை மீட்டது தமிழில் எழுதிய கணக்கு. என்னைக் கெடுத்தது தமிழ் அல்ல. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டது. அந்த வெட்கம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவனுக்கும் உண்டு. விடுதியில் நான் பார்த்த ஜப்பான் பையன்கள், கொரியப் பையன்கள் எல்லோருக்கும் அது இருந்தது. எல்லாம் படித்த பிள்ளைகள்.

நான் பிற்பாடு மனப்பாடமாக வைத்துக்கொண்ட ஒரே ஆங்கில வாக்கியம், “ப்ளீஸ் ரைட் இட் டவுன்” என்பது. தயவுசெய்து எழுதிக் கொடுங்கள். வேகமாகப் பேசுகிறவன் எழுதும்போது நிதானிப்பான். எழுதியதைத் தொலைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஏமாற்ற நினைப்பவன் எழுதித் தரமாட்டான். அதுவும் ஒரு பதில்தான். அடுத்தபடியாகக் கேட்கவேண்டியது “பே ஸ்லிப்”. சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டுக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம்.

வரி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் பிறகு என்னைத் திட்டக்கூடாது. இந்த விசாவில் போகிறவருக்கு முதல் வெள்ளியிலிருந்தே நூற்றுக்குப் பதினைந்து வரி. 45,000 வெள்ளி வரை அந்த விகிதம். முதலாளி தன் பங்காக ஓய்வூதியச் சேமிப்புக் கட்டவேண்டும். 1-7-2025 முதல் அது நூற்றுக்குப் பன்னிரண்டு. நாட்டைவிட்டு வந்தபின் அந்தச் சேமிப்பைக் கேட்டு வாங்கலாம், ஆனால் நூற்றுக்கு அறுபத்தைந்தை வரியாகப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்தைத் தருவார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் அந்த முப்பத்தைந்தை விடாதீர்கள். கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி அந்த மூன்று தம்பிமாரின் விளம்பரம். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. நமக்கு அந்த விசா சுலபமாகக் கிடைப்பதுதான் ஆபத்து. நான் விக்டோரியா மாநிலத்தில் திராட்சைக் காட்டில் வேலை செய்த சில வாரங்களில், அப்படி வந்த நம் நாட்டுக்காரர்களைப் பார்த்தேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். விசா முடிந்தும் இருந்தார்கள். மருத்துவரிடம் போகப் பயம், போலீசைக் கண்டால் பயம். அவர்களைக் கொண்டுவந்தவனும் நம் நாட்டுக்காரன்தான். நம் மொழியிலேயே பேசி, நம் மொழியிலேயே மிரட்டினான். ஆங்கிலம் தேவையில்லை என்றானே, அது பொய்யல்ல. அவர்களில் ஒருவர், என் வயதுக்காரர், தாயார் இறந்த செய்தி வந்தபோது திரும்பிவர முடியாமல் திராட்சைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார். போனால் மூன்று வருடத்துக்கு மறுபடி உள்ளே விடமாட்டார்கள், கடன் அடையவில்லை என்றார். அவர் வீட்டையே ஈடு வைத்துப் போனவர்.

விசா எதுவாக இருந்தாலும் செய்த வேலைக்குச் சம்பளம் சட்டப்படி உண்டு என்று 2023ல் அங்கே சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். விசாவைக் காட்டி மிரட்டுகிற முதலாளியைத் தண்டிக்க 2024 ஜூலையிலிருந்து சட்டமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த உரிமையைக் கேட்கப் போகிற நாள், அவர் திரும்பி அனுப்பப்படுகிற நாளாகவும் இருக்கலாம் என்ற பயம் போய்விடவில்லை. ஆகவே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே போனவன். போய் வந்ததால்தான் இந்த மேடையில் நிற்கிறேன். அந்த விளம்பரத்தின் வழியாகப் போகவேண்டாம் என்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன். அந்த மூன்று தம்பிமாரும் பின்வரிசையில் இருக்கிறார்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று சொன்னீர்கள். விளம்பரம் அனுப்பியவனிடம் இன்று இரவே மூன்று விவரம் கேளுங்கள்: விசாவின் எண் என்ன, வேலை கொடுப்பவர் பெயர் என்ன, கேட்பது ஒன்பது இலக்க எண்ணா பதினொரு இலக்க எண்ணா. எழுதித் தரச் சொல்லுங்கள். வந்த பதிலை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். அப்பாவும் வருவார். நோட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன், மூன்று.